டெல்லி பதிவு டீசல் கார் மலிவாகக் கிடைக்கிறதே, சென்னையில் வாங்கலாமா?

வாங்கலாம், மலிவின் காரணம் தெரிந்துகொண்டு. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. பிறகு விதி முன்னும் பின்னும் மாறினாலும், பயந்து விற்பவர்கள் அதிகம். வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இங்கே ஆயுள் வரி புதிதாகக் கட்ட வேண்டும். அதையும் கூட்டினால் மலிவு பல நேரம் கரைந்துவிடும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றுங்கள். குபுகுபுவெனப் புகை வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும்; பேரம் பேசாமல் கிளம்பிவிடலாம். மீட்டர் 50,000 காட்டுகிறது, கிளட்ச் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரைக் குறைத்து வைத்திருக்கலாம்; சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்பக்கம் சேற்றுக் கறை தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம்.