கறுப்பினப் பெண் ஒளிப்படக் கலைஞர்கள்: யாரிடமிருந்து தொடங்குவது?

வணக்கம். ஒளிப்பட வரலாற்று வகுப்புக்கான உங்கள் பட்டியலில் கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை, யாரைச் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் மிங் ஸ்மித். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1970களின் இறுதியில் அவர் படங்களை வாங்கியது; அப்படி அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஒளிப்படக் கலைஞர் அவர்தான். மெதுவான ஷட்டரில், அதாவது கேமராவுக்குள் ஒளி கூடுதல் நேரம் விழும்படி எடுப்பார்; ஆட்கள் புகைபோலக் கலைந்து தெரிவார்கள். அப்புறம் கேரி மே வீம்ஸ், அவருடைய ‘சமையலறை மேசை’ ஒளிப்படத் தொடர். ஒரு சமையலறை மேசை, மேலே தொங்கும் ஒற்றை விளக்கு, அவ்வளவுதான். காதல், தாய்மை, தனிமை எல்லாம் 1990இல் வந்த அந்தத் தொடரில் இருக்கிறது. இன்றைய கலைஞர்களுக்கு, பாலி இருங்கு 2020இல் தொடங்கிய ‘பிளாக் விமன் ஃபோட்டோகிராஃபர்ஸ்’ அமைப்பைப் பாருங்கள். ஒன்றே ஒன்று: இவர்களுக்கெனத் தனி வகுப்பு வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். உருவப்படப் பாடத்திலேயே வீம்ஸைக் காட்டுங்கள்.