மற்றவர் எழுதிய பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

ஊர் வரலாறு எழுதத் தொடங்கியிருப்பதாகக் கேட்டவர் சொல்கிறார். மற்றவர்களின் பக்கங்களுக்கு இணைப்புக் கொடுக்க அனுமதி வேண்டுமா, அல்லது கடைசியில் "நன்றி: இணையம்" என்று போட்டால் போதுமா என்பது அவருடைய கேள்வி. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. ஏன் என்பதை எனக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவன். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட வீடு. எங்கள் பக்கத்துக் குளங்கள், கோயில்கள், பழைய பாதைகள் பற்றி சில வருடங்களாக வலைப்பதிவு எழுதி வருகிறேன். ஒருமுறை கற்சிலைமடுவில் இருக்கும், பிரித்தானியரோடு போரிட்ட வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியனின் கல்லைப் பற்றி எழுதினேன். கப்டன் வொன் டிறிபேர்க் இவ்விடத்தில் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான் என்ற செய்தியும் 1803 ஒக்டோபர் 31 என்ற திகதியும்தான் அந்தக் கல்லின் ஆங்கில வாசகம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை மனதில் இருந்ததால் "அன்று அவன் இங்கே வீழ்ந்து மடிந்தான்" என்று நான் எழுதிவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் போன் எடுத்தார். "தம்பி, அந்தக் கல்லில தோற்கடிச்சதெண்டுதானே கிடக்கு. செத்ததெண்டு எங்க கிடக்கு?" என்றார். என்னிடம் இருந்த படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அன்றிரவே பதிவைத் திருத்தி, என்ன பிழை விட்டேன், யார் சொல்லித் திருத்தினேன் என்பதையும் மேலேயே போட்டேன்.

ஆனால் அந்த இரண்டு கிழமைக்குள் என் பதிவை அப்படியே எடுத்துப் பல இடங்களில் போட்டுவிட்டார்கள். சிலர் "நன்றி: இணையம்" என்றார்கள், சிலர் அதுவும் இல்லை. ஒருவர்கூட இணைப்புக் கொடுக்கவில்லை. என் பெயர் போகாதது எனக்குப் பெரிய கவலை இல்லை. திருத்தம் போய்ச் சேர வழியில்லாமல் போனதுதான் கவலை. நான் திருத்தியது என் பக்கத்தில் மட்டும் இருக்கிறது, பிழை ஊரெல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் கடைசியில் அந்தப் பழைய வசனம் மறுபடி பகிரப்படுகிறது. போன வருடம் உயர்தரம் படிக்கும் மாணவன் ஒருவன் ஒப்படைக்காக என்னிடம் விவரம் கேட்டபோது, தான் எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினான். நான் எழுதிய அதே பிழை, சொல்லுக்குச் சொல்.

"எங்கயிருந்து எடுத்தனீங்கள் தம்பி?"

"முகநூலில கிடந்தது அண்ணை."

இடையில் ஒரே ஒருவர் லிங்க் கொடுத்திருந்தால்கூட அந்தப் பிள்ளை அதைத் தட்டிப் பார்த்திருப்பான், திருத்தம் கண்ணில் பட்டிருக்கும். இணைப்பு என்பதை எழுதியவருக்குச் செய்யும் உபசாரமாக மட்டும் நினைக்காதீர்கள். நாளைக்கு அந்தப் பக்கத்தில் எது மாறினாலும் உங்கள் வாசகருக்குத் தெரிய வேண்டும் என்றால், அதற்கு இருக்கும் ஒரே பாதை அதுதான்.

ஆகவே நீங்கள் கண்ட இடத்துக்கு அல்ல, செய்தி புறப்பட்ட இடத்துக்கு இணைப்புக் கொடுங்கள். யாரோ பகிர்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டீர்கள் என்றால் அவரையும் ஒரு வரியில் சொல்லுங்கள், ஆனால் லிங்க் மூலத்துக்குப் போகட்டும். வன்னியில் இது இன்னும் முக்கியம். 2008, 2009 இடப்பெயர்வுகளில் பாடசாலைப் பதிவேடுகள், கோயில் சிறப்பு மலர்கள், வீட்டு அல்பங்கள் என்று எத்தனையோ கடதாசிகளைப் பங்கருக்குள்ளும் வீதியிலும் விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள். ஒருவர் ஒரு கும்பாபிஷேக மலரைத் தேடிப் பிடித்து ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கிறார் என்றால், மிஞ்சியிருக்கும் ஒரே பிரதியாகவும் அது இருக்கலாம். படத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டினால் அது எந்த ஊர், எந்த ஆண்டு, யாரிடம் இருந்தது என்ற விவரம் எல்லாம் அங்கேயே அறுந்துவிடும்.

இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும், 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு நூலுக்கும் தனிப் பக்கம் உண்டு. ஆசிரியர், பதிப்பாண்டு, பதிப்பகம் எல்லாம் அதில் இருக்கும், பிடிஎஃப் கோப்பு எத்தனை எம்பி என்றும் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள், நேரே பிடிஎஃபுக்குக் கொடுக்காதீர்கள். கிளிநொச்சியில் சின்ன டேட்டா பக்கேஜில் வாசிக்கிற பிள்ளை தெரியாமல் ஒரு தட்டுத் தட்டி 60 எம்பி இறங்கினால், அன்றைய டேட்டா அதோடு சரி. வேறு தளத்துக் கோப்பென்றாலும் "பிடிஎஃப், இத்தனை எம்பி" என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இணைப்பை எந்தச் சொல்லில் வைப்பது என்பதும் மரியாதைதான். எங்கள் பக்கம் வழி கேட்டால் "அங்காலை போங்கோ" என்று மட்டும் சொல்லி யாரும் விடமாட்டார்கள். "குளக்கட்டில ஏறி, ரெண்டாவது துருசு தாண்டி, புளியடியால திரும்புங்கோ" என்பார்கள். "மேலும் வாசிக்க இங்கே" என்று எழுதுவது "அங்காலை போங்கோ" மாதிரி. விழிப்புலனற்ற நண்பர் ஒருவர் தன் போனில் என் பழைய பதிவு ஒன்றைத் திறந்து, திரையை வாசித்துச் சொல்லும் செயலியால் அதில் உள்ள இணைப்புகளை மட்டும் வாசிக்க வைத்தார். "இங்கே. இங்கே. இங்கே. இதில்." வேறு ஒன்றும் இல்லை. எது எங்கே போகிறது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றிலிருந்து "கற்சிலைமடுக் கல்வெட்டின் படம்" என்று போகிற இடத்தின் பெயரிலேயே இணைப்பை வைக்கிறேன்.

முகவரியையும் துப்புரவாக்கிக் கொடுங்கள். முகநூலிலிருந்து எடுத்தால் கேள்விக்குறிக்குப் பின்னால் நீளமாக ஒரு வால் வரும். யார் எங்கிருந்து வந்தார் என்று பின்தொடர வைத்த வால் அது, பெரும்பாலும் வெட்டிவிட்டாலும் பக்கம் திறக்கும். வெட்டியபின் ஒருமுறை திறந்து பாருங்கள். தமிழ் முகவரிகளில் வேறு ஒரு தொல்லை. 'வன்னி' என்ற ஒரே சொல்லைப் பிரதி பண்ணி ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக 45 எழுத்துக்கு நீளும். அதற்காக முகவரியைச் சுருக்கிக் கொடுக்கும் சேவைகளிடம் போக வேண்டாம், தலைப்புக்குப் பின்னால் இணைப்பை வைத்தால் அந்த நீளம் வெளியே தெரியாது. கூகுள் நடத்திய சுருக்கிச் சேவையே 2019இல் புது முகவரி கொடுப்பதை நிறுத்தியது. இன்னொருவரின் சேவை மூடினால் உங்கள் இணைப்பும் செத்துவிடும்.

மற்றவரின் தளத்தில் இருக்கும் படத்தை அங்கிருந்தே நேரடியாக உங்கள் பக்கத்தில் காட்டாதீர்கள். உங்களுக்கு வருகிற ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய சேர்வர்தான் உழைக்கும், சில இடங்களில் அதற்குக் காசும் அவர்தான் கட்டுவார். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் இணைப்பென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இப்போது அனுமதி. எல்லாருக்கும் திறந்திருக்கும் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்க யாரையும் கேட்கத் தேவையில்லை, இணையம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் நான் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். ஒன்று, உறுப்பினர்கள் மட்டும் பேசும் மூடிய குழு. மற்றது, காணாமல்போன மகனின் படத்தோடு ஒரு தாய் எழுதிய பக்கம், குடும்பத்துக்காகப் போட்ட நினைவஞ்சலி, இப்படியானவை. சட்டப்படி அது திறந்த பக்கமாக இருக்கலாம். உங்கள் இணைப்பால் ஒரே நாளில் ஆயிரம் அந்நியர் அங்கே போய் நிற்பார்கள், அதைத் தாங்கும் நிலையில் அந்த வீடு இருக்கிறதா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். "வேண்டாம் தம்பி" என்று ஒருமுறை பதில் வந்தது. கொடுக்கவில்லை.

கடைசியாக, இணைப்புகள் செத்துப்போகும். 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் கிடைக்காமல் போயின என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்குச் சொன்னது. அதனால் முக்கியமான பக்கம் என்றால் இணைப்புக் கொடுக்கும் அன்றே, வலைப்பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள். முகவரியைப் போட்டு ஒரு பொத்தானை அமத்துகிற வேலைதான். பார்த்த திகதியையும் இணைப்புக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம் பிறகு மாறினால் நீங்கள் எதைப் பார்த்து எழுதினீர்கள் என்பது தெரியும்.

அந்த மாணவனுக்குத் திருத்திய பதிவின் லிங்கையும் கல்லின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒப்படையை முடித்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். 'தோற்கடித்தான்' என்று எழுதி, கீழே முழு முகவரியும் பார்த்த திகதியும் போட்டிருந்தான்.