கூட்டணி இல்லாத ஊரில் யாரை யார் நம்புகிறார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

திருச்சியிலிருந்து வந்து எட்டு மாதமே ஆன நீங்கள், காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்ற முறையில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். தேர்தலுக்கு முன் தொகுதிப் பங்கீடே பேசாத இந்தப் பிரிட்டிஷ் கட்சிகள் ஒன்றையொன்று நம்புகின்றனவா, அல்லது எல்லாமே தன்னலக் கணக்குதானா என்றும் கேட்டிருந்தீர்கள். கதவிடுக்கில் வந்து விழுந்த கட்சித் துண்டறிக்கையை நம்பலாமா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக லண்டனில் இருக்கும் எனக்கு இதைப் புரியவைத்தது 2010 தேர்தல். 650 இடங்களில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 306, தொழிலாளர் கட்சிக்கு 258, லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 57 என்று கிடைத்து, யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போனது. ஒரு வாரம் முடிவதற்குள் கன்சர்வேட்டிவ் தலைவர் கேமரூனும் லிபரல் டெமாக்ரட் தலைவர் கிளெக்கும் கூட்டணி அமைத்து, பிரதமர் இல்லத்து ரோஜாத் தோட்டத்தில் அருகருகே நின்று சிரித்துக்கொண்டிருந்ததை, அலுவலக உணவறைத் தொலைக்காட்சியில் நாங்கள் சம்பந்தி வீட்டு நிச்சயதார்த்தம் பார்ப்பதைப் போலப் பார்த்தோம்.

லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று கையெழுத்திட்டே உறுதி தந்திருந்தார்கள். கூட்டணி ஒப்பந்தம் அவர்களுக்கு வாக்கெடுப்பில் ஒதுங்கியிருக்கும் உரிமையை மட்டுமே கொடுத்தது. ஆனால் 2010 டிசம்பரில், இங்கிலாந்தில் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானத்துக்குக் கிளெக் ஆதரவாகவே வாக்களித்தார்; அவருடைய கட்சியிலேயே 21 பேர் எதிர்த்தார்கள். அதன்பின் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். கூட்டணிக்காக லிபரல்கள் பெற்ற பெரிய பொருள், தேர்தல் முறையை மாற்றலாமா என்று மக்களிடம் கேட்கும் பொதுவாக்கெடுப்பு. 2011 மே மாதம் அது நடந்தபோது, மாற்றம் வேண்டாம் என்ற அணி கிளெக்கின் கட்டண வாக்குறுதி மீறலைக் காட்டியே துண்டறிக்கை அடித்தது. அந்த அணிக்குப் பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கன்சர்வேட்டிவ் ஆதரவாளர்கள். கூட்டாளிக்காகக் கெடுத்துக்கொண்ட பெயரைக் கூட்டாளியின் ஆட்களே ஆயுதமாக்கியதைப் பார்த்து, நம் ஊர் அரசியலில் வளர்ந்த எனக்கே வியர்த்தது. மேலவைச் சீர்திருத்தம் 2012இல் கன்சர்வேட்டிவ் எதிர்ப்பாளர்களால் முடங்கியதும், கூட்டாளி விரும்பிய தொகுதி மறுவரையறையை லிபரல்கள் 2013 ஜனவரியில் தோற்கடித்துக் கணக்கைத் தீர்த்தார்கள். இருந்தும் ஆட்சி ஐந்தாண்டும் ஓடியது, ஏனென்றால் முன்கூட்டியே தேர்தலைச் சந்திப்பதில் இருவருக்குமே லாபம் இல்லை. 2015இல் லிபரல்களின் 57 இடங்கள் 8 ஆகச் சுருங்கின. இழந்தவற்றில் 27ஐப் பறித்தது அந்தக் கூட்டாளிக் கட்சிதான்.

அதற்காக இங்கே நம்பிக்கையே கிடையாது என்று எண்ணிவிடாதீர்கள். அது கட்சிக்கும் கட்சிக்கும் இடையில் இருப்பதைவிட, கொறடாவுக்கும் கொறடாவுக்கும் இடையில் அதிகம் இருக்கிறது. ஒரு உறுப்பினர் நோயால் வர முடியாவிட்டால் எதிர்க்கட்சியில் ஒருவர் தாமும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்வது இங்கே பழைய வழக்கம், எழுதிவைக்காத வாய்ச்சொல்தான். 1979 மார்ச் 28 அன்று தொழிலாளர் கட்சிப் பிரதமர் காலகனின் அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது, தொழிலாளர் கட்சியின் ஆல்ஃபிரட் பிராட்டன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். அவருக்கு இணையாக ஒதுங்க இவ்வளவு பெரிய வாக்கெடுப்பில் தம் கட்சியில் யாரும் சம்மதிக்கமாட்டார்கள் என்று கன்சர்வேட்டிவ் துணைக் கொறடா பெர்னார்ட் வெதரில் சொன்னார். ஆனால் வாக்குறுதி கொடுத்தவன் நான், ஆகவே நானே ஒதுங்கிக்கொள்கிறேன் என்றார். அதோடு அவருடைய அரசியல் வாழ்வே முடிந்துவிடும் என்பதை உணர்ந்த தொழிலாளர் கட்சித் துணைக் கொறடா வால்டர் ஹாரிசன், அந்த வாக்குறுதியிலிருந்து அவரை விடுவித்தார். 311க்கு 310 என்று ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. சில நாளில் பிராட்டனும் இறந்துபோனார்.

அந்த வாய்ச்சொல்லும் எப்போதும் நிற்பதில்லை. 2018இல், பிரசவத்துக்குப் பின் விடுப்பில் இருந்த லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் ஜோ ஸ்வின்சனுக்கு இணையாக ஒதுங்க வேண்டிய கன்சர்வேட்டிவ் உறுப்பினர் பிராண்டன் லூயிஸ், பிரெக்ஸிட் தொடர்பான முக்கிய வாக்கெடுப்பில் வாக்களித்துவிட்டுத் தவறு நேர்ந்ததாக வருத்தம் தெரிவித்தார். அடுத்த ஆண்டே, விடுப்பில் இருப்பவர் தம் வாக்கை வேறொருவர் மூலம் செலுத்தும் முறை வந்தது.

இனி அந்தத் துண்டறிக்கை. "இங்கே எங்களுக்கும் அவர்களுக்கும்தான் போட்டி, மூன்றாமவருக்குப் போடும் வாக்கு வீண்" என்று பட்டை வரைபடத்தோடு வருவது எல்லாக் கட்சிக்கும் கைவந்த கலை. 2024இல் தொழிலாளர் கட்சியும் லிபரல்களும் எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. ஆளுக்கொரு தொகுதிகளில் உழைத்தார்கள், மீதிப் பங்கீட்டைப் பல இடங்களில் வாக்காளர்களே செய்துகொண்டார்கள், லிபரல்களுக்கு 72 இடம் கிடைத்தது. ஆகவே அந்த வாசகம் சில தொகுதிகளில் உண்மையாகவும் இருக்கலாம். படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை மட்டும் படியுங்கள். எண்கள் நாடாளுமன்றத் தேர்தலுடையவையா, உள்ளாட்சித் தேர்தலுடையவையா என்பது அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒருமுறை என் மகளின் அளவுகோலை வாங்கி அளந்து பார்த்தேன். எண்ணில் பாதியாக இருந்த கட்சியின் பட்டை, படத்தில் முக்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.