சிங்கப்பூர் – நியூ ஜெர்சி: எந்த டிக்கெட் வாங்கலாம்?

கேள்வி: ஜூலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அம்மாவுக்கு வயது 70, மூட்டுவலி. சாங்கியிலிருந்து அங்குள்ள நியூவர்க் விமான நிலையம் 15,344 கி.மீ., 17 மணி நேரம் என்று ஓர் இணையதளம் சொல்கிறது. நேரடி விமான டிக்கெட்டிலோ இரவு 11.35-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் போகும் டிக்கெட் விலை குறைவு. எதை எடுக்கலாம்? – வாசகி, ஈசூன்

பதில்: முதலில் அந்த ஆறரை மணிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் நியூ ஜெர்சி நமக்கு 12 மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே காலை 6 என்றால் இங்கே மாலை 6. ஆக, பயணம் 18 மணி 25 நிமிடம். நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை வித்தியாசம் 13 மணி நேரமாகிவிடும். திரும்பி வரும்போது வருகை நேரத்துக்குப் பக்கத்தில் +2 என்று இருந்தால், கிளம்பிய தேதிக்கு இரண்டு நாள் கழித்து இறங்குகிறீர்கள். விமான நிலையத்துக்கு அழைக்க வருபவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

இணையதளம் சொல்லும் 17 மணி நேரம் வெறும் வகுத்தல் கணக்கு. பூமிப்பரப்பில் மிகக் குறுகிய கோட்டை எடுத்து, மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்துவிடுகிறார்கள். விமானம் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. அன்றன்றைய காற்றைப் பார்த்து வழியை மாற்றுவார்கள். சுற்றிப் போனாலும் பின்காற்று கிடைத்தால் லாபம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட் நேரத்தில் அடக்கம். எனவே தூரத்தை மறந்துவிட்டு, டிக்கெட்டில் 'மொத்தப் பயண நேரம்' என்ற வரியை மட்டும் பாருங்கள்.

விலை ஏன் இவ்வளவு கூடுதல் என்றால், இந்த நேரடி விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதில் ஓட்டும், மிக நீண்ட தூரம் பறக்கும் ஏ350-900 யூஎல்ஆர் ரகத்தில் மொத்தம் 161 இருக்கைகள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. ஃபிராங்க்ஃபர்ட் வழியில் எகானமி உண்டு. ஆகவே நீங்கள் ஒப்பிடும் இரண்டு விலையும் ஒரே வகுப்புக்கானவை அல்ல. பிரீமியம் எகானமியில் வரிசைகளுக்கு இடையே 38 அங்குலம், எகானமியில் 32. மூட்டுவலிக்காரருக்கு அந்த ஆறு அங்குலம் பெரிய விஷயம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் நேரடி விமானம்தான் எடுப்பேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் அம்மா இறங்கி மறுபடி ஏற வேண்டும். அதோடு ஜே.எஃப்.கே.யிலிருந்து எடிசனுக்கு புரூக்ளின், ஸ்டேட்டன் ஐலண்டைத் தாண்டிச் சாலைச் சுங்கம் கட்டிப் போக வேண்டும். நியூவர்க்கிலிருந்து சுமார் 30 கி.மீ.தான். குறைந்த விலையில் மிஞ்சியதில் ஒரு பகுதி அந்த வாடகைக் காருக்கே போய்விடும்.

சான் ஃபிரான்சிஸ்கோ வழியாக மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கையும், சக்கர நாற்காலி உதவியும் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.