தோற்ற பகடை

அன்புள்ள சார்,

நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் 'டிஸ்கோ எலிசியம்' என்ற வீடியோ கேமை வாங்கினேன். ஆறு மணி நேரத்தில் விட்டுவிட்டேன். சண்டையே இல்லை, ஒரே வாசிப்பு. குடித்துக் குடித்துச் சொந்தப் பெயரையே மறந்த போலீஸ்காரர் ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிகிறார். ஒரு காரியம் பலிக்குமா என்று கேம் உருட்டும் பகடை தோற்கும்போதெல்லாம் பழைய சேவுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த கட்டத்துக்கு, போய்ப் போய் அலுத்துவிட்டது. இது எப்படி, ஒரு பாத்திரமாகவே மாறி ஆடுகிற ரோல்பிளேயிங் கேம் ஆகும்?

பிரபு

அன்புள்ள பிரபு,

தோற்றதும் பழைய சேவுக்குப் போனேன் என்கிறீர்களே, அந்த இடத்தில்தான் விளையாட்டு உங்கள் கையை விட்டுப் போயிருக்கிறது.

தொடக்கத்தில் விடுதி மேலாளர் பாக்கியைக் கேட்பார். கையில் காசில்லை. பேசாமல் ஓடிவிடலாம் என்றும் ஒரு வழி இருக்கும். நான் அதைத் தேர்ந்தேன், பகடை காலை வாரியது. நம் ஆள் ஓடுகிற ஓட்டத்திலேயே திரும்பி மேலாளருக்கு நடுவிரலைக் காட்டி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் மேல் போய் மோதினார். எனக்கு உடம்பு கூசிவிட்டது. ஆனாலும் சேவைத் தொடவில்லை. வென்றிருந்தால் வெறுமனே தப்பித்திருப்பேன். தோற்றதால்தான் நம் போலீஸ்காரர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிந்தது.

எஸ்டோனியாவைச் சேர்ந்த ராபர்ட் குர்விட்ஸ் நண்பர்களோடு மேசையில் பகடை உருட்டி ஆடிய ஆட்டங்களில் வளர்ந்த உலகம் இது. கேமாக வந்தது 2019இல். இரண்டு பகடையிலும் 6 விழுந்தால் எப்பேர்ப்பட்ட காரியமும் கைகூடும். இரண்டிலும் 1 என்றால் எத்தனை கெட்டிக்காரரும் சறுக்குவார். மற்ற கேம்களில் திறன் என்பது வெறும் எண். இங்கே 24 திறன்களும் போலீஸ்காரரின் மண்டைக்குள் உட்கார்ந்து பேசுகின்றன. ஒன்று எதிரில் இருப்பவரை மிரட்டச் சொல்லும், ஒன்று குடிக்கக் கூப்பிடும், ஒன்று எதிரில் இருப்பவர் முகத்தில் மறைத்த வலியைக் காட்டிக்கொடுக்கும். எதை அதிகம் வளர்க்கிறீர்களோ அதன் தொல்லையும் அதிகம். பாத்திரமாக வாழ்வது என்பதற்கு நான் அறிந்த மிக நேர்மையான வடிவம் இதுதான்.

சண்டை இல்லை என்றீர்கள். புத்தகக் கடை வாசலில் ஒரு பெண் படித்துக்கொண்டு நிற்பாரே, கணவரைக் காணோம் என்பாரே, அவரிடம் பேசினீர்களா? அந்தக் கணவர் கடலோரப் பலகைப் பாதையில் பிணமாகக் கிடப்பதைப் பின்னால் பார்ப்பீர்கள். நம் போலீஸ்காரர் துப்பறிய வந்த கொலை வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொல்ல வேண்டியது நீங்கள். கூடவே வரும் சக போலீஸ்காரர் கிம் பக்கத்தில் நிற்பார். திரையில் நாலைந்து வாக்கியங்கள் இருக்கும், எதைச் சொன்னாலும் அந்தப் பெண்ணுக்கு இழப்பு இழப்புதான். நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மற்ற கேம்களில் எத்தனையோ டிராகன்களை வெட்டியிருக்கிறேன், ஒருமுறையும் அப்படி உட்கார்ந்ததில்லை.

முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாள் கதை முடிந்த பிறகு மட்டும் சேவ் செய்யுங்கள். அந்தக் கதவைத் தட்டியபின் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.