வாய் வீங்கிய மஞ்சள் மீனுக்கு மருந்து வேண்டாம்

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீட்டில் மூன்றடித் தொட்டி (90×45×45 செ.மீ.) வைத்திருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் ‘ஆப்பிரிக்க சிக்லிட் கலவை’ என்று சொல்லிக் கடையில் 14 குஞ்சுகள் கொடுத்தார்கள். பெயர் சொல்லவில்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு இருந்த ஒன்று இப்போது கறுப்பாக மாறி, மற்றவற்றை விரட்டி விரட்டிக் கடிக்கிறது. இரண்டு மீன்கள் வயிறு ஊதி, வெள்ளை நூல்போல் கழிவு போட்டுச் செத்தன. ஒரு மஞ்சள் மீன் தாடை வீங்கிப் பத்து நாளாகச் சாப்பிடவில்லை. அதற்கு மஞ்சள் மருந்துத் தூள் வாங்கி வைத்திருக்கிறேன், போடலாமா? தினமும் இரண்டு வேளை ரத்தப்புழு கொடுக்கிறேன். படங்கள் அனுப்பியுள்ளேன்.

பதில்: தம்பி, முதலில் அந்த மருந்துத் தூளை அலமாரியில் வைத்துவிடுங்கள். உங்கள் மஞ்சள் மீன் நோயாளி அல்ல, பிள்ளைத்தாய்ச்சி.

நீங்கள் எடுத்த மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாடைக்குக் கீழே பை தொங்குகிறது, மீன் கல்லிடுக்கில் தனியாக நிற்கிறது, உடம்பில் புண் இல்லை, துடுப்புகள் விரிந்திருக்கின்றன. தொட்டி முன்னால் ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். எதையோ மெல்வதுபோல் வாயை அசைக்கும். உள்ளே இருக்கும் முட்டைகளைப் புரட்டிக் காற்றோட்டம் கொடுக்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் சிக்லிட் குடும்பத்தில் ஏறத்தாழ எல்லாப் பெண் மீன்களும் இப்படித்தான். முட்டையிட்டதும் வாயில் அள்ளிக்கொள்ளும். பல இனங்களில் ஆணின் குதத் துடுப்பில் முட்டைபோலவே புள்ளிகள் இருக்கும். அதையும் முட்டை என்று எண்ணிப் பெண் கவ்வ வரும்போது ஆணின் விந்து வாய்க்குள் போய் முட்டை கருவுறுகிறது. 1962-இல் வோல்ஃப்காங் விக்லர் என்ற ஆய்வாளர் இந்த விளக்கத்தை எழுதினார். அதன்பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் தாய் பட்டினி கிடக்கும்.

ஊர்க் குளத்தில் ஜிலேபி மீன் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிக்லிட்தான். குஞ்சுகள் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். நான் மீன் வளர்க்கத் தொடங்கிய காலத்தில், உங்களைப்போலவே பயந்து ஒரு தாய் மீனுக்கு மருந்து ஊற்றினேன். முட்டைகளைத் துப்பிவிட்டது, இரண்டு நாளில் தாயும் போய்விட்டது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சரி, இனி பெயர்கள். ‘ஆப்பிரிக்க சிக்லிட்’ என்பது ஒரு மீனின் பெயர் அல்ல. மலாவி ஏரியில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தங்கனீக்கா, விக்டோரியா ஏரிகளின் இனங்கள் தனி. நிறத்தை வைத்துப் பெயர் வைத்தால் ஏமாந்துபோவோம். குஞ்சில் ஒரு நிறம், ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு வேறு நிறம் என்று மாறும்.

உங்கள் தாய் மீன் ‘யெல்லோ லேப்’. எலுமிச்சை மஞ்சள் உடம்பு, முதுகுத் துடுப்பில் நீளமான கறுப்புக் கோடு. ஆண், பெண் இரண்டும் மஞ்சள்தான். இந்தக் கூட்டத்தில் சாதுவானது இதுவே. வெளிர் நீல உடம்பில், முதுகுத் துடுப்பு வரை ஏறும் கரும்பட்டையோடு இருப்பவை ‘கென்யி’. அவற்றில் ஆண்கள் வளர வளர மஞ்சளாகிவிடும், பெண்கள் நீலமாகவே இருக்கும். எனவே ஒரு நீல மீன் வெளிறி மஞ்சளானால் நோய் என்று நினைக்காதீர்கள். ‘சௌலோசி’ என்ற இனத்தில் இது அப்படியே தலைகீழ், மஞ்சள் குஞ்சுகளில் ஆண்கள் நீலமாக மாறும்.

கறுப்பாக மாறிய அந்த ரௌடி ‘ஆராட்டஸ்’. பெண்ணும் குஞ்சும் மஞ்சளில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டு அழகாக இருக்கும், பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். ஆண் முதிர்ந்ததும் உடம்பு கறுத்து, கோடுகள் வெளுத்து, நிறம் தலைகீழாகும். மலாவி மீன்களில் மிகவும் முரட்டுத்தனமானவற்றில் இது ஒன்று. மூன்றடித் தொட்டியில் முதிர்ந்த ஆண் ஆராட்டஸ் இருந்தால் மற்ற மீன்களுக்கு ஒளிய இடமே கிடையாது. கல்லை எப்படி அடுக்கினாலும் இதற்குத் தீர்வு வராது. எடுத்துவிடுங்கள்.

நான்காவது படத்தில் சிறுத்தைத் தோல்போலத் திட்டுத் திட்டாக இருக்கிறதே, அது ‘வெனுஸ்டஸ்’. அது 20 செ.மீட்டரைத் தாண்டி வளரும், சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும். அதற்கும் உங்கள் தொட்டி போதாது.

வயிறு ஊதிச் செத்த கதைக்கு வருவோம். கென்யியும் ஆராட்டஸும் ‘எம்புனா’ என்ற பாறை மீன் வகை. ஏரியில் நாள் முழுக்கப் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பவை, நீளமான குடல் கொண்டவை. அவற்றுக்குத் தினமும் இரண்டு வேளை ரத்தப்புழு மிகவும் அதிகம். கூடவே ஆராட்டஸின் விரட்டல், அழுக்குத் தண்ணீர். இவை எல்லாம் சேர்ந்தால் ‘மலாவி புளோட்’ என்று வளர்ப்பவர்கள் சொல்லும் வயிற்று ஊதல் வரும். சாப்பிட வந்து வாயில் வைத்துத் துப்புவதும், வெள்ளை நூல் கழிவும் அதன் முதல் அடையாளங்கள். புழுவை இன்றே நிறுத்துங்கள். இரண்டு நாள் ஒன்றும் கொடுக்காமல் விட்டு, அப்புறம் ஸ்பைருலினா (ஒருவகைப் பாசித் தூள்) கலந்த உணவை ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். அவித்த பட்டாணியைத் தோலுரித்து வாரம் ஒருமுறை போடலாம். இன்னொரு மீனுக்கும் அந்த அடையாளம் தெரிந்தால் தனித் தொட்டிக்கு மாற்றி, மீன் பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் தவறு நடப்பது இங்கேதான். நம் குழாய் நீரில் பொதுப் பயனீட்டுக் கழகம் சேர்ப்பது குளோரமின். வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் சரியாகிவிடும் என்பது குளோரினுக்குப் பொருந்தும், குளோரமினுக்குப் பொருந்தாது. அது சுலபத்தில் ஆவியாகாது, உடைந்தால் அம்மோனியாவை விட்டுவிடும். எனவே குளோரமினை உடைத்து அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் நீர்ப் பதன மருந்தைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது, நம் நீர் மென்மையானது, தாது உப்புகள் குறைவு. மலாவி மீன்களுக்குக் கடின நீரும் பி.எச் (நீரின் அமில-கார அளவு) 7.8 முதல் 8.5 வரையும் வேண்டும். ஃபில்டருக்குள் ஒரு பை நொறுக்கிய பவளம் வையுங்கள், அது மெல்ல மெல்லக் கரைந்து இரண்டையும் உயர்த்தும். அவசரமாக உயர்த்த வேண்டுமென்றால் ஆப்ப சோடா போதும், 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் காரக் கடினம் (பி.எச் சரியாமல் தாங்கும் கார்பனேட் அளவு, ‘கே.எச்’) ஒரு டிகிரி ஏறும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: முதலில் அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள். நம் வீடுகளில் தொட்டி நீர் 29 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் பி.எச் 7 இருந்தால் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. பி.எச் 8.2 ஆனால் பத்தில் ஒரு பங்கு நஞ்சாகிவிடும். புழு மிஞ்சி அழுகிய தொட்டியில் சோடாவைக் கொட்டினால் ஒரே இரவில் எல்லாம் மிதக்கும். அம்மோனியா அளவு பூஜ்யம் காட்டும்வரை தினமும் நாலில் ஒரு பங்கு நீர் மாற்றுங்கள், பிறகு சோடா. ஹீட்டர் தேவையே இல்லை, காற்றுக் குமிழி விடும் ஏர்ஸ்டோன் கட்டாயம் வேண்டும்.

ஆராட்டஸையும் வெனுஸ்டஸையும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது சிராங்கூன் நார்த் அவென்யூ 1-இல் உள்ள மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். லோவர் செலேத்தார் நீர்த்தேக்கம் பக்கத்தில்தானே என்று அங்கே விட்டுவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். பீக்காக் பாஸ் என்ற தென்னமெரிக்க சிக்லிட் நம் நீர்த்தேக்கங்களில் குடியேறிவிட்டது, இன்னொன்றும் வேண்டாம்.

தாய் மீனை இப்போது அசைக்காதீர்கள், பயந்தால் முட்டையைத் துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். இன்னும் ஒரு வாரம் கழித்து, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, மெதுவாக வலையில் எடுத்துப் பாசிக் கொத்து போட்ட சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். குஞ்சுகளைத் துப்பியதும் இரண்டு மூன்று நாள் தாய்க்கு நன்றாக உணவு கொடுத்துத் தேற்றி, பிறகு பெரிய தொட்டியில் விடுங்கள். குஞ்சுகள் பிறந்த அன்றே தூளாக்கிய ஸ்பைருலினா செதில்களைத் தின்னும். தகப்பன் யெல்லோ லேப்தானா, கென்யியா என்று உங்கள் கலவைத் தொட்டியில் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே வளர்ந்தபின் யாருக்காவது கொடுத்தால், கலப்பினமாக இருக்கலாம் என்று சொல்லியே கொடுங்கள்.