ஊரில் எல்லோருக்கும் தெரியாமல் குடியை விட உதவும் கூட்டம் ஒன்றை எப்படித் தேடுவது?

கேட்டவர் இலங்கையில் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பக்கம், வயது 34. குடியை நிறுத்தி 11 நாள். கிளினிக்கில் ஆதரவுக் குழு ஒன்றில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். சின்ன ஊர், எங்கே போவது, எது தனக்குச் சரிவரும் என்று கேட்கிறார்.

தம்பி, 11 நாள் பெரிய விஷயம். எனக்கு அந்த 11 நாளைத் தொடவே மூன்று வருடம் போனது. விசுவமடுவில் மேசன் வேலை. 2009க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பி வந்து கொட்டில் போட்டிருந்த காலத்தில் பின்னேரக் கள்ளாகத் தொடங்கி, சாராயமாகி, காசில்லாத நாளில் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் வரைக்கும் போனது. இப்போது குடியைத் தொடாமல் ஆறு வருடம். கூட்டங்கள்தான் என்னை நிறுத்தின, ஆனால் முதலில் போன இரண்டும் எனக்குச் சரிவரவில்லை.

முதலாவது ரவுணில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கூட்டத்தில் குறை இல்லை, மனம் விட்டுப் பேசினார்கள். ஆனால் திரும்பி வரப் பஸ் ஏறும் இடத்துக்கு நேர் எதிரே பார். முக்கால் மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த கிழமை அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் தாண்ட முடியவில்லை. இரண்டாவது வீட்டுக்குக் கிட்ட. அங்கே நடத்தியவர் ஒருவரே முழு நேரமும் புத்திமதி சொன்னார், நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். மனிசி அழுதழுது சொல்லியும் நிற்காத குடி, புத்திமதிக்கு நிற்காது.

மூன்றாவதில் ஆறு பேர்தான். ஒரு ஐயா எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தார், என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் அரைக் கோப்பை ஊற்றினார். ஒரு சொல் சொல்லவில்லை. சிந்தாமல் குடித்தேன். அடுத்தடுத்த கிழமைகளிலும் அரைக் கோப்பைதான், பிறகு ஒரு நாள் நிறைய ஊற்றினார், அன்றைக்குத்தான் நான் வாய் திறந்தேன்.

அதனால் நான் சொல்வது, நல்ல கூட்டம் எது என்று தேடாதீர்கள், அடுத்த கிழமையும் உங்களால் போகக்கூடியது எது என்று பாருங்கள். போகிற வழியில் தவறணை இருக்கிறதா, திரும்பி வர பஸ் இருக்கிறதா, பேசாமல் இருந்தால் விடுகிறார்களா. அப்புறம் நாள். எனக்குச் சனிக்கிழமை சம்பளம், சனி பின்னேரம்தான் ஆபத்து, ஆகவே சனிக்கிழமைக் கூட்டம். உங்களுக்கு எந்த நாள், எந்த நேரம் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு தடவை போய்ப் பிடிக்கவில்லை என்று விட்டுவிடாமல் மூன்று நான்கு தடவை போய்ப் பாருங்கள்.

விசாரிக்க முதல் இடம் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. உங்களுக்கு மாஞ்சோலையில் இருக்கும் முல்லைத்தீவு வைத்தியசாலை கிட்ட, தெரிந்த முகம் வரும் என்று பயமாக இருந்தால் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். வெளியே போகவே மனம் வராவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்குப் போன் எடுத்துத் தமிழிலேயே பேசலாம்.

அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ், அதாவது ஏ.ஏ. கூட்டம் என்றால், திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை. திறந்ததற்கு மனைவியையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போகலாம், மூடியது குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். சேரக் கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். அங்கே கேட்டதையும் கண்டவரையும் வெளியே கொண்டு போகக்கூடாது என்பது அவர்களின் அடிப்படை. கடவுள் பேச்சு வரும், அது 'நாம் விளங்கிக்கொண்டபடியான கடவுள்' என்றுதான் அவர்களின் படிகளிலேயே இருக்கிறது. நான் முறிகண்டிப் பிள்ளையாரை நினைத்துக்கொள்வேன், பக்கத்தில் இருந்தவர் வேதக்காரர், இன்னொருவருக்கு நம்பிக்கையே இல்லை, மூவரும் ஒரே வாங்கில்தான் இருந்தோம்.

கிட்டடியில் ஒன்றுமே இல்லையென்றால்? ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கியதே இரண்டு பேரோடுதான், ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் சத்திரசிகிச்சை வைத்தியர், இருவருமே குடியால் நொந்தவர்கள். இன்றைக்கும் அவர்கள் கணக்கில் குடியை விட இரண்டு மூன்று பேர் கூடினாலே ஒரு குழு. கிளினிக்கில் உங்களைப் போல இன்னொருவர் இருப்பார், தாதியிடம் சொல்லி வையுங்கள். போனில் நடக்கும் கூட்டங்களும் உண்டு. தமிழ்நாட்டவர்கள் தமிழில் நடத்துவதைத் தேடிப் பாருங்கள், அவர்களுக்கும் எங்களுக்கும் மணி ஒன்றுதான். கமராவை நிற்பாட்டி, பெயருக்கு ஒரு எழுத்துப் போட்டாலும் போதும். மழை நாளில் நான் இயர்போனோடு வயல் வரம்பில் இருந்து கேட்டிருக்கிறேன், சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டில் இருந்தபடி திடீரென நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு இல்லாத ஆட்கள் தெரிவது, மாறாட்டம், கடும் வியர்வை என்று உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியசாலைக்குப் போனால் மருந்தோடு நிறுத்த வைப்பார்கள். தம்பி, நீங்களும் வழுக்கிக் குடித்துவிட்டுத் திரும்ப நிறுத்தினால் இது உங்களுக்கும்தான், வெட்கப்படாமல் போங்கள்.

முதல் நாள் உள்ளே போனதும் என்ன சொல்வது என்று பயப்படாதீர்கள். "இண்டைக்கு நான் கேக்க மட்டும்தான் வந்தனான்" என்று சொல்லிவிட்டு, கதவுக்குக் கிட்ட ஒரு கதிரையில் இருங்கள்.